ஆற்றிலிருந்து வரும் சூடு

போலந்து
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஈசாக்கு எழுதுவது. கர்த்தர் காப்பதால் இங்கே நான் சுகம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? இனி காது திரும்பாது என்று நெய்யாற்றின்கரை டாக்டர் சொல்லிவிட்டதாகப் பக்கத்து வீட்டு மனு ஃபோனில் சொன்னான். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சத்தத்தைத் தாங்கிய காது, உங்களுக்குப் பின்னால் அதுவும் ஓய்வு பெற்றுவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் வரும் எழுத்து உங்கள் கண்ணுக்கு ஆகாதாம். ஆகவே இனி நமக்குக் கடிதம்தான். போய்ச் சேர மூன்று வாரம் ஆகும் என்று தபாலாபீசில் சொன்னார்கள்.

என் வேலை என்ன என்று கேட்டிருந்தீர்கள். இந்த நகரம் முழுவதற்கும் ஒரே அடுப்புதான். ஊருக்கு வெளியே நிலக்கரி எரித்துத் தண்ணீரைக் காய்ச்சி, மண்ணுக்கடியில் குழாய் வழியாக வீடு வீடாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே மடிப்பு மடிப்பாக ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். வெந்நீர் அதற்குள் ஓடி அறையைச் சூடாக்கிவிட்டுத் திரும்பிப் போகும். இப்போது அந்தக் கரி அடுப்பை அணைக்கப் போகிறார்கள். ஆற்றங்கரையில் புது நிலையம் எழும்புகிறது. ஆற்று நீரில் இருக்கும் சூட்டை எடுத்து ஊருக்கு அனுப்புவார்களாம். அதற்கான மின்சாரம் காற்றாலையிலிருந்து வரும். பழைய குழாயைத் தோண்டி எடுத்துப் புதுக் குழாய் பதிப்பது நாங்கள்.

ஒரு நாள் அந்த நிலையத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அக்கா, வளைகுடாவில் பதினெட்டு வருஷம் நான் ஓட்டிய குளிரூட்டும் இயந்திரம்தான் அங்கே நிற்கிறது! அங்கே அது கட்டடத்தின் சூட்டை உறிஞ்சி வெளியே கொட்டியது. இங்கே ஆற்றின் சூட்டை உறிஞ்சிக் கட்டடத்துக்குள் கொட்டப்போகிறது. மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னேன். மார்ச் மாதத்துப் பரீட்சைக்கு என் பெயரை எழுதிக்கொண்டார். தேறினால் நிலையத்தில் நிரந்தர வேலை. தேறாவிட்டால் மே மாதம் குழாய் வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். என் வீட்டுக்காரி கண்ணை மூடிய பிறகு இரண்டு வருஷம் பாறசாலையில் நான் சும்மா இருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனைப் போல ரோட்டோரம் போய் நிற்பேன், பஸ் வந்தால் ஏறமாட்டேன். ஐம்பத்தேழு வயதில் மறுபடியும் அது வேண்டாம்.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே கம்பெனி அறை தந்திருக்கிறது. நாலாம் மாடி. கூட இருப்பவன் பனச்சமூட்டுக்காரன் வேலாயுதன். நல்ல மனுஷன், குறட்டை மட்டும் உண்டு.

ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.
தம்பி ஈசாக்கு

---

பாறசாலை
30 செப்டம்பர் 2024

பிரியமுள்ள தம்பி ஈசாக்குக்கு,

உன் அக்கா புஷ்பபாய் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். முட்டுவலி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, நகரவில்லை, நானும் நகரவில்லை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். காது போன பிறகு முதல் தடவையாக ஒருவர் என்னிடம் நிறுத்தி நிதானமாகப் பேசினாற்போல் இருந்தது.

ஆற்றிலிருந்து சூடு எப்படி வரும் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். குளிர்ந்த தண்ணீரில் சூடு ஏது? பிறகு பனச்சமூட்டுச் சந்தை ஞாபகம் வந்தது. அங்கே லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்கி மாடியில் அடுக்குகிற சுமட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறாயே. அவர்கள் அரிசியை உண்டாக்கவில்லை. கீழே கிடப்பதை மேலே கொண்டுபோய் வைக்கிறார்கள், அவ்வளவுதான். உன் இயந்திரமும் அப்படித்தானே? கரி அடுப்பு சூட்டை உண்டாக்குகிறது. இது ஆற்றில் கிடக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டை அள்ளிக்கொண்டுபோய் வீட்டில் வைக்கிறது. தூக்குகூலி மட்டும் மின்சாரம். நான் சொல்வது சரிதானா என்று எழுது.

நம் மனுவும் மொட்டைமாடியில் சூரியத் தகடு பதித்து, படுக்கையறையில் ஏசி வைத்திருக்கிறான். அதன் பின்பக்கம் என் மதிலைப் பார்த்து உஸ்ஸென்று அனலை ஊதுகிறது. கறிவேப்பிலைச் செடி ஒரு பக்கம் கருகிவிட்டது. "எலே மனு, உன் வீட்டுச் சூட்டை எல்லாம் என் கறிவேப்பிலைக்குத் தாறியே, இது நியாயமா?" என்று கேட்டேன். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக் காட்டினான்: "டீச்சரே, கரண்டு தாறது சூரியனாக்கும். கேசு குடுக்கணும்னா அவர் மேல குடுங்க." அவன் மனைவி ஜெஸி சிரித்த சிரிப்பைக் கண்ணால்தான் பார்த்தேன்.

நான் தந்தனுப்பிய தேங்காயெண்ணெயைத் தலைக்குத் தேய்க்கிறாயா? குளிர் தொடங்கியதா? உன் அறையின் இரும்புப் பெட்டி சூடாகிவிட்டதா?

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.
அக்கா

---

போலந்து
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுமட்டுக்காரர் உதாரணத்தை, பரீட்சைக்காக நடக்கும் மாலை வகுப்பில் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். வாத்தியார் கைதட்டினார். தூக்குகிற உயரம் குறைந்தால் கூலி குறையும், ஆகவே குழாயில் ஓடும் வெந்நீரின் சூட்டையும் இனிக் குறைக்கிறோம் என்று அதிலிருந்தே மேலே பாடம் நடத்தினார். நீங்கள் போலந்தில் ஒரு வகுப்பு எடுத்துவிட்டீர்கள்.

போன வாரம் நகரத்தில் சூடு திறந்துவிட்டார்கள். இரவில் சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்பதாக எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் தெருவிலும் குழாய் பதித்தாகிவிட்டது, நானே பற்றவைத்தேன். எண்ணெய் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மற்றபடி அறைக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்கும் வேலாயுதனுக்கும் ஒரு தர்க்கம். ஓமனக்குட்டி சித்தி பிள்ளை பெற்றுக் கிடந்தபோது, அந்தத் துலா மாத மழையில், அம்மா கட்டிலுக்கடியில் கனல் வைத்து அறையைச் சூடாக்கினாள் அல்லவா? "கனல் ஒரு மணிக்கூறு நிக்காது அண்ணே" என்று இவன் சொல்கிறான். விடியும்வரை நின்றது என்று நான் சொல்கிறேன். அம்மா அதை எப்படிச் செய்தாள்? எனக்கு அப்போது ஆறு வயது. உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். விவரமாக எழுதுங்கள், இவனுடைய வாயை அடைக்க வேண்டும்.

தம்பி ஈசாக்கு

---

பாறசாலை
11 நவம்பர் 2024

பிரியமுள்ள தம்பிக்கு,

நலமே இருக்கிறேன். நீ நலமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன். இங்கே துலா மழை விடவில்லை. பொழியூர் மீன்காரி கிருஷ்ணம்மா இரண்டு வாரமாக வரவில்லை. நேற்று வந்தவள், கடல் ரோட்டையே எடுத்துவிட்டது, சுற்றி நடந்து வந்தேன் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள்.

தர்க்கத்தில் நீதான் ஜெயித்தாய். வேலாயுதனிடம் இதைப் படித்துக் காட்டு. அம்மா தேங்காய்ச் சிரட்டையை முற்றத்தில் எரித்துக் கரியாக்குவாள். புகை முழுக்க அடங்கிச் செக்கச்செவேலென்று ஆன பிறகே உள்ளே கொண்டுவருவாள். அகலமான மண்சட்டியில் இரண்டு விரல் கனத்துக்குச் சாம்பல் விரித்து, அதன்மேல் கனலைப் பரத்தி, அதற்கும் மேலே மெல்லிசாகச் சாம்பல் தூவுவாள். சூட்சுமம் அந்த மேல்சாம்பலில்தான் இருக்கிறது. காற்று தாராளமாகப் பட்டால் கனல் சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும். சாம்பல் காற்றைத் தடுப்பதால் நின்று நிதானமாக எரியும். மாதச் சம்பளக்காரர் செலவு செய்வதுபோல என்று வைத்துக்கொள். சட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளி, போர்வையைத் தரைவரை தொங்கவிட்டு, கதவைச் சாத்திவிடுவாள். கூரைக் கீற்றின் இடுக்கு வழியாகச் சாரல் அடித்தாலும் சித்தியும் பிள்ளையும் விடியும்வரை வெதுவெதுப்பாகக் கிடப்பார்கள். நீ அந்தக் கட்டிலோரம் போய் ஒட்டிக்கொண்டு தூங்குவாய்.

இதை எழுதும்போது அந்தக் கனலின் மணம் மூக்கில் வருகிறது. காதுதான் போயிற்று, மூக்கு இருக்கிறது.

பாடம் படிக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

---

போலந்து
6 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். தாங்களும் சுகம்தானே. விரல் ஓடவில்லை, ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். வெளியே பத்து நாளாக உறைபனி. எண்ணெய் கல்லாகிவிட்டது, கத்தியால் குத்தித்தான் எடுக்கிறேன். வேலாயுதன் நகரத்தின் மறுபக்கம் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். அறையில் இப்போது குறட்டை இல்லை, அமைதியாகப் படிக்கலாம். மேற்பார்வையாளர் என்மேல் நல்ல அபிப்பிராயத்தில் இருக்கிறார். பரீட்சைக்குப் பெயர் கொடுப்பதும் அவரே, அறை தந்ததும் அவரே.

கனல் விவரம் கிடைத்தது. வேலாயுதன் தோற்றான்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.
ஈசாக்கு

---

பாறசாலை
28 டிசம்பர் 2024

பிரியமுள்ள தம்பிக்கு,

பிறந்த பாலகன் உன்னோடு இருப்பாராக. உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. நான் சுகம், ஆனால் உன்மேல் கோபம்.

எண்ணெய் கல்லாகிவிட்டது, கத்தியால் குத்துகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அது எத்தனை டிகிரியில் கல்லாகும்? பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபோது பிள்ளைகள் தந்த வெப்பமானி என்னிடம் இருக்கிறது. ஒரு குப்பி எண்ணெயில் அதைச் செருகி ஜெஸி வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். "டீச்சர் எங்க ஃபிரிட்ஜை லேபாரட்டரி ஆக்கியாச்சு" என்று மனு எழுதிக் காட்டினான். வெளியே எடுத்து வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். இருபதில் கரண்டி இறங்கியது. பதினைந்தில் கரண்டி வளைந்தது. கத்தி வேண்டியிருந்தது பன்னிரண்டுக்குக் கீழேதான். ஆகவே உன் அறை பன்னிரண்டுக்கும் கீழே. மனிதர் படுக்கிற இடமா அது? ஊருக்கெல்லாம் சூடு கொண்டுபோகிறவன் படுக்கிற இடமா?

உடனே மனுவை ஃபோன் போடச் சொன்னேன். நீ சொன்னதை அவன் வரிக்கு வரி எழுதித் தந்தான். தாள் என் முன்னால் இருக்கிறது: "அக்காட்ட சொல்லு மக்கா, குழாயில காத்து அடைச்சு நின்னதாக்கும். நேத்து திறந்து விட்டாச்சு. இப்போ அறை வெதுவெதுன்னு உண்டு. எண்ணெய்யும் உருகியாச்சு. அக்கா சும்மா விசாரப்படண்டாம்."

படித்த பிறகே எனக்குச் சோறு இறங்கியது. குழாயில் காற்று அடைத்தால் சூடு வராதுதான், நியாயமான காரணம். ஆனால் அதை ஒரு மாதம் சொல்லாமல் இருந்தாயே! என்னிடம் மறைத்தால் எண்ணெய் சொல்லிவிடும் என்று இப்போது தெரிந்ததா?

உன் அக்கா

---

போலந்து
20 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்குப் பதில் எழுதவும். வெப்பமானிக் கதையை வகுப்பில் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். உங்களை ஏமாற்ற முடியாது என்று சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும்.

அறை இப்போது நன்றாக இருக்கிறது. முன்புபோல் இரவில் எழும்புவதில்லை, படுத்தால் தெரியாமல் தூங்கிவிடுகிறேன். காலையில் கொஞ்சம் தலைவலியும், வாந்தி வருவதுபோல் ஓங்கரிப்பும் உண்டு. வெளியே போய் நடந்தால் சரியாகிவிடும். ராத்திரி நெடுநேரம் படிப்பதால் இருக்கும்.

நேற்று இயந்திரத்தைச் சோதனைக்கு ஓட்டினார்கள். ஆற்றில் தண்ணீர் நாலு டிகிரி, கரையோரம் ஐஸ் கட்டியிருக்கிறது. அதிலிருந்து எடுத்த சூட்டில் மறுபக்கக் குழாய் கையை வைக்க முடியாமல் கொதித்தது. நான் கையை வைத்தேன். வாத்தியார் திட்டினார். எடுக்க மனம் வரவில்லை அக்கா. வால்வுகளை எந்த வரிசையில் திறப்பது என்று கேட்டார்கள், நான் ஒருவன்தான் தாளைப் பார்க்காமல் சொன்னேன். மார்ச் நாலாம் தேதி பரீட்சை. கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது.

ஈசாக்கு

---

பாறசாலை
9 பிப்ரவரி 2025

பிரியமுள்ள தம்பிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். உன் கடிதத்தை ஜெஸிக்கும் மனுவுக்கும் படித்துக் காட்டினேன். "ஈசாக்கண்ணன் ஜெயிச்சு வரட்டு, நம்ம ஊருக்கும் ஆத்துல ஒரு மெஷின் வைக்கலாம்" என்று மனு எழுதினான். மாசி பிறப்பதற்குள்ளேயே இங்கே அப்படி ஒரு வெயில்.

காலைத் தலைவலி கண்ணால் வருவது. உன் கண்ணாடி வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. மங்கலான கண்ணாடியோடு படிப்பது மொட்டைக் கத்தியால் மரச்சீனிக் கிழங்கு நறுக்குவதுபோல, வேலை நடக்கும், கைதான் வலிக்கும். உடனே கண்ணைப் பரிசோதித்துக்கொள். நல்ல தூக்கம் வருகிறது என்று எழுதியது எனக்குப் பெரிய ஆறுதல்.

பரீட்சை நாளன்று உபவாசம் இருப்பேன்.
அக்கா

---

போலந்து
24 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

பனச்சமூடு வேலாயுதன் எழுதுகிறேன். தாங்கள் சுகம் என்று நம்புகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுக்க வேண்டும். தமிழில் எழுதி ரொம்ப நாளாகிவிட்டது.

ஈசாக்கண்ணன் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுச்சளிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் போன வாரம் மனுவிடம் ஃபோனில் சொன்னேன். அது பொய். அண்ணன் பக்கத்தில் படுத்துக்கொண்டு என்னைச் சொல்லவைத்தார். எனக்கு அதன் பிறகு தூக்கம் இல்லை.

இந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் அறைக்குச் சூடு வரவே இல்லை டீச்சர். அது ரிப்பேர் நடக்கிற பழைய கட்டடம். குடியிருந்தவர்களை மாற்றிவிட்டார்கள், வேலைக்காரர்கள் மட்டும் இருந்தோம். பழைய குழாயை அறுத்தாகிவிட்டது. புதுக்குழாய் எதிர்வாசல்வரை வந்து நின்றது. அண்ணன் பற்றவைத்த குழாய்தான். கட்டடத்துக்காரர் நிலவறையில் வைக்க வேண்டிய இணைப்புப் பெட்டியை வைக்காததால் இணைப்புத் தரவில்லை. கரண்டு அடுப்பு போட்டால் ஃபியூஸ் போகும். நான் டிசம்பரில் போகும்போது, "அண்ணே, இங்க கிடந்து சாகப்பிடாது, கூட வாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "வகுப்பு இங்க பக்கத்துலயாக்கும். சூப்பர்வைசர்ட்ட குறை சொன்னா லிஸ்டுல பேரு இருக்காது. மார்ச்சு வரைக்கும்தானலே" என்றார்.

இனி எழுத வேண்டியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இந்த ஊரில் கோடைக்காலத்தில் இறைச்சி சுடக் கரி விற்பார்கள். அண்ணன் அதை வாங்கி, முற்றத்தில் பற்றவைத்து, சாம்பல் போட்டு மூடி, பேசினில் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கிறார். டிசம்பர் நடுவிலிருந்தே நடந்திருக்கிறது. பிப்ரவரியில் குளிர் கூடியதும் ஜன்னல் விளிம்பு முழுக்கப் பசைநாடா ஒட்டி அடைத்துவிட்டார். பதினொன்றாம் தேதி காலை வேலைக்கு வரவில்லை. நான் போய்க் கதவை உடைத்தேன். கனலிலிருந்து மணமில்லாத நச்சுக்காற்று வருமாம். இங்கத்து வீடுகளில் ஓர் இடுக்கும் இல்லை, அது வெளியே போகாது என்று டாக்டர் சொன்னார். இன்னும் அரை மணிக்கூறு கழிந்திருந்தால் இல்லை.

அண்ணனுக்குக் கை நடுங்குகிறது. பேசிக்கொண்டிருக்கும்போது சொல் மறந்துபோகிறது. கேட்டதையே கேட்கிறார். வால்வு வரிசை போய்விட்டது. பரீட்சைக்கு இனி இல்லை என்று பெயரை வெட்டிவிட்டார்கள். கட்டடத்துக்குச் சூடு இருபதாம் தேதி வந்தது, ஒன்பது நாள் தாமதம்.

அவர் தலையணைக்கடியில் கனல் வைக்கும் விதம் எழுதிய தங்கள் கடிதம் இருந்தது. நினைவு வந்ததும் முதலில் அதைக் கேட்டு வாங்கினார். "வேலாயுதா, அக்காக்கு மட்டும் தெரியப்பிடாது. அவ எழுதித் தந்ததத்தானே செய்தேன். தெரிஞ்சா அவ பொறுக்கமாட்டா" என்றார். நான் சத்தியம் செய்துவிட்டு இதை எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தால் அவருக்கு என்ன என்று தெரியாமல் தாங்கள் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்? மன்னிக்க வேண்டும்.

வேலாயுதன்

---

பாறசாலை
17 மார்ச் 2025

அன்புள்ள வேலாயுதனுக்கு,

நீங்களும் உங்கள் குடும்பமும் நன்றாயிருக்க வேண்டும். கதவை உடைத்த உங்கள் கைகளுக்கு நான் என்ன சொல்ல?

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மனு வாசலில் நின்று என்ன என்ன என்று கைகாட்டிக் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

அடைத்த அறையில் கனல் வைக்கக் கூடாது என்று முப்பத்திரண்டு வருஷம் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தியவள் நான். காற்று குறைந்தால் கரி பாதி எரியும், பாதி எரிந்தால் நஞ்சு என்று கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன். அவன் கேட்டதும், மேலே சாம்பல் தூவிக் காற்றைத் தடுக்க வேண்டும் என்று சந்தோஷமாக எழுதினேன். அம்மாவின் அறை கீற்று வேய்ந்தது, ஆயிரம் ஓட்டை. அதையும் எழுதினேன், ஆனால் சாரல் வருவதைச் சொல்லத்தான் எழுதினேன். எண்ணெயை அளந்த எனக்கு என் கடிதம் ஞாபகம் வரவில்லை. தலைவலிக்குக் கண்ணாடி மாற்றச் சொன்னேன். ஒரு பிள்ளை விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிய வேண்டாம். அவனிடம் இப்போது மிச்சமிருப்பது, அக்காவைக் காப்பாற்றிவிட்டோம் என்பது ஒன்றுதான். அதையும் நாம் எடுக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

அவன் சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறானா? எழுதுங்கள்.

புஷ்பபாய்

---

போலந்து
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்கள் சுகமா? எழுத்து கோணலாக இருந்தால் பேனாதான் காரணம். நெஞ்சுச்சளி பிடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மனு சொல்லியிருப்பான். வேறு ஒன்றும் இல்லை. அதனால் பரீட்சைக்குப் போக முடியவில்லை. இந்தக் குளிரில் எத்தனையோ பேருக்கு வருவதுதான். கறிவேப்பிலை தழைத்துவிட்டதா?

நேற்று கரி அடுப்பை அணைத்தார்கள். ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். புகைபோக்கியில் புகை மெலிந்து மெலிந்து, பிறகு இல்லை. ஊரில் ஒருவரும் தலை தூக்கிப் பார்க்கவில்லை. வீட்டில் சூடு முந்தாநாள்போலவே இருக்கிறது, அவர்களுக்கு அது போதும். நிலையத்துக்குள் விளக்கு எரிந்தது. கண்ணாடி வழியாக என்னோடு வகுப்பில் இருந்த பையன்கள் வால்வு திறப்பதைப் பார்த்தேன். வரிசையாகத் திறந்தார்கள். சரியாகத்தான் திறந்திருப்பார்கள்.

எங்கள் அறைக்கு நல்ல சூடு. இரும்புப் பெட்டிமேல் கை வைக்க முடியவில்லை. அந்தத் தண்ணீரை

என்ன எழுத வந்தேன் என்று மறந்துவிட்டது. மே இருபத்தைந்தாம் தேதி வருகிறேன். வேலாயுதனும் லீவு எடுத்துக் கூட வருகிறான், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கறிவேப்பிலை தழைத்துவிட்டதா?

தம்பி ஈசாக்கு

---

பாறசாலை
22 ஏப்ரல் 2025

பிரியமுள்ள தம்பிக்கு,

உயிர்த்தெழுந்த கர்த்தர் உனக்குச் சமாதானம் தருவாராக. நான் சுகம். உன் கடிதம் கிடைத்தது. கறிவேப்பிலை தழைத்துவிட்டது.

நெஞ்சுச்சளி யாருக்கும் வரலாம். பரீட்சையைப் பற்றி நினைக்காதே. நம் பள்ளியில் முதல் மார்க் வாங்கவேண்டிய பிள்ளை அம்மை போட்டுப் படுத்துவிட்டதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை எங்கே தவறியது? எங்கும் இல்லை. பாடம் நடத்தியவர் அந்த வீட்டுக்கு ஒருநாள் போய்ப் பார்த்திருக்கலாம், அவ்வளவுதான்.

இங்கே வெயில் தாங்கவில்லை. மனு என்னிடம் கேட்காமலே உன் அறைக்கு ஒரு ஏசி பேசிவைத்தான். நான் வேண்டாம் என்றேன். "டீச்சரே, அது இருந்தா கதவும் ஜன்னலும் அடைச்சிட்டு சுகமா கிடக்கலாமே" என்று எழுதிக் காட்டினான். பழைய வீட்டுக்கு வயரிங் தாங்காது என்று சொன்னேன்.

அதற்குப் பதிலாக ஆரியங்கோட்டிலிருந்து ஒரு மேஸ்திரியை வரவழைத்தேன். உன் மேற்கு அறையில் ஒரே ஜன்னல்தானே இருந்தது. எதிரெதிர்ச் சுவரில் இரண்டு புது ஜன்னல் வெட்டியாகிவிட்டது. கட்டில் நடுவில். மேஸ்திரி ஜன்னல் கதவுக்கு அளவெடுத்தார். கதவு வேண்டாம், கம்பி மட்டும் போதும் என்றேன். அவர் என்னையும் மனுவையும் மாறிமாறிப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டதற்கு, மனு காலண்டர் தாளில் எழுதினான்: "இடவப்பாதி மழை வந்தா கட்டில் நனையும்னு சொல்லுதாரு. கிழவிக்கு வெயில் தலைக்கு ஏறியாச்சான்னும் கேக்காரு."

ஏறியாச்சு என்று சொல்லு, கதவு மட்டும் வேண்டாம் என்றேன்.

கட்டில் நனைந்தால் நானும் நீயும் சேர்ந்து கூடத்துக்கு இழுத்துப் போடலாம். பத்திரமாக வந்து சேர்.

உன் அக்கா
புஷ்பபாய்